பின் அச்சின் கணக்கு: எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒஸ்டின் ஏ40 காரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி, பின்னால் புகை தள்ளிக்கொண்டு ஓடிய கார் அது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றியதும் அதுதான், கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையை ஏற்றியதும் அதுதான். மொரிஸ் மைனரும் அப்படியே.

அந்தக் கார்களின் மண்ணெண்ணெய்க் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அவற்றின் பின்பக்கக் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஏ40 காரின் அடியில் குனிந்து பார்த்தால் இரண்டு பின் சில்லுகளையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு தெரியும். அதன் நடுவில் பூசணிக்காய் போல டிபரன்சல் பெட்டி. இருபுறமும் அடுக்கடுக்காகக் கட்டிய தகட்டு ஸ்பிரிங். அவ்வளவுதான். ஒரு தகடு உடைந்தால் வேறொரு வாகனத்தின் தகட்டை வெட்டிப் பொருத்தலாம். வளைவு போய்த் தொய்ந்தால் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்து மீண்டும் வளைக்கலாம். பாதை மூடியிருந்த காலத்தில், புதிய உதிரிப்பாகம் என்ற சொல்லே மறந்துபோன ஊரில், அந்தக் கார்கள் தொடர்ந்து ஓடியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

இன்று அதே தெருக்களில் அக்சியோ, வெசெல், அல்டோ, ஹயஸ், டிமோ பட்டா, ஓட்டோ எல்லாம் ஓடுகின்றன. வெளியே பளபளப்பைப் பார்த்து, உள்ளே ஏ.சி. வேலை செய்கிறதா என்று பார்த்து, மைல் கணக்கைப் பார்த்து வாங்குகிறோம். பின் அச்சு எந்த வகை என்று கேட்பவர்கள் மிகச் சிலர். ஆனால் எவ்வளவு பாரம் ஏற்றலாம், பள்ளத்தில் விழுந்தால் யாருடைய முதுகு நோகும், மழையில் வளைவில் கார் எப்படி நடந்துகொள்ளும், பழுதுபட்டால் செலவு எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. குத்தகைக்கு வாகனம் எடுத்து அதன் உழைப்பில் மாதத் தவணை கட்டும் குடும்பத்துக்கு இது சின்ன விடயமல்ல.

இந்தக் கட்டுரை பின் அச்சு வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, அதற்கு எதைப் பறித்துக்கொள்கிறது என்று பார்க்கிறது.

பின் அச்சுக்கு என்ன வேலை?

முதலாவது, வாகனத்தின் பின்பக்கப் பாரத்தைத் தாங்க வேண்டும். இரண்டாவது, சில்லு மேலும் கீழும் அசைய இடம் கொடுக்க வேண்டும். ஆனால் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ தன்பாட்டுக்கு நகர விடக்கூடாது. மூன்றாவது, பின் சில்லு ஓட்டும் வாகனமாயின் எஞ்சினின் முறுக்குவிசையைச் சில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். நான்காவது, வளைவில் கார் சாயும்போதும் ரயர் நிலத்தில் தட்டையாகப் படிந்திருக்கச் செய்ய வேண்டும்.

இந்த நான்கையும் மலிவாக, பாரம் குறைவாக, இடத்தை அடைக்காமல் செய்யும் பின் அச்சு இதுவரை யாராலும் செய்யப்படவில்லை. ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும்.

இங்கே ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வது நல்லது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் பாரம் வேறு, கீழே இருக்கும் பாரம் வேறு. காரின் உடல், ஆட்கள், சாமான்கள் எல்லாம் ஸ்பிரிங்கின் மேலே மிதக்கின்றன. சில்லு, ரயர், பிரேக் ஆகியன ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. கீழே இருக்கும் பாரம் கூடக்கூட, பள்ளத்தில் விழுந்து எழும் சில்லு தரையோடு ஒட்டி நிற்கச் சிரமப்படும். அதன் அடி உடலுக்கு ஏறும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது இந்த அடிதான்.

ஒரே இரும்பு: திட அச்சு

ஏ40 காரில் இருந்ததும், இன்றைய ஹயஸ் வானிலும் ஹைலக்ஸ் பிக்கப்பிலும் லொறியிலும் பஸ்ஸிலும் இருப்பதும் இந்த வகைதான். டிபரன்சல், உள்ளே ஓடும் சாப்ட், இரண்டு சில்லு எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடங்கும்.

இதன் பெரிய பலம் பாரம். இருபது மூட்டை நெல்லை ஏற்றினாலும் சில்லு நேராகவே நிற்கும். ஸ்பிரிங் அமுங்கும், உடல் தாழும், ஆனால் அச்சு வளையாதவரை ரயரின் நிமிர்வு மாறாது. தகட்டு ஸ்பிரிங்காக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. அந்தத் தகடுகளே பாரத்தையும் தாங்கும், அச்சை அதன் இடத்திலும் பிடித்துவைக்கும். வேறு தடிகள் தேவையில்லை. அசையும் இணைப்புகள் குறைவு என்றால் தேயும் இடங்களும் குறைவு.

கொடுக்கும் விலையும் பெரிது. டிபரன்சல் உட்பட எல்லாப் பாரமும் ஸ்பிரிங்குக்குக் கீழேயே தொங்குகிறது. அதனால்தான் வெறுமையாக ஓடும் ஹயஸ் வானில் பின் சீற்றில் இருப்பவர் ஒவ்வொரு குழியையும் எண்ணலாம். அடுத்து, ஒரு சில்லுக்கு நடப்பது மற்றச் சில்லுக்கும் நடக்கும். இரு சில்லுகளுக்கும் இடையே 120 சென்ரிமீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இடது சில்லு 5 சென்ரிமீற்றர் உயரமான கல்லில் ஏறினால் அச்சு முழுவதும் ஏறத்தாழ 2.4 பாகை சாயும்; வலது சில்லு நல்ல பாதையில் நின்றாலும் அதுவும் அதே அளவு சாயும். மூன்றாவது, மென்மையான தகட்டு ஸ்பிரிங் வைத்த வாகனத்தில் திடீரென வேகம் எடுத்தால் அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு துள்ளும்.

இந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்க்கத்தான் பல கார்களில் தகட்டை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். சுருள் ஸ்பிரிங் பாரத்தை மட்டுமே தாங்கும், அச்சைப் பிடிக்காது. ஆகவே முன்பின் அசைவைத் தடுக்கத் தடிகளும், பக்க அசைவைத் தடுக்கக் குறுக்குத் தடி ஒன்றோ வேறு ஏற்பாடோ வந்தன. பயணம் மென்மையாகியது. கூடவே, தேயும் ரப்பர் புஷ்களின் எண்ணிக்கையும் கூடியது. அமெரிக்காவின் போர்ட் மஸ்டாங், விதிவிலக்கான சில மொடல்களைத் தவிர, 1964 தொடக்கம் 2014 வரை ஐம்பது ஆண்டுகள் திட அச்சிலேயே ஓடியது. நல்ல பாதையில் திட அச்சு மோசமான ஏற்பாடு என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஊசல் அச்சும் கோர்வெயர் காரும்

டிபரன்சலைக் காரின் உடலோடு இறுகப் பூட்டிவிட்டு, இரண்டு பக்கமும் தனித்தனி அரை அச்சுகளைக் கதவு கீல் போல அசைய விட்டால் என்ன? ஸ்பிரிங்குக்குக் கீழே பாரம் குறையும். ஒரு சில்லின் அதிர்ச்சி மற்றச் சில்லுக்குப் போகாது. செலவும் அதிகமில்லை. இதுதான் ஊசல் அச்சு. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் பீட்டில், பிரித்தானியாவின் டிரையம்ப் ஹெரால்ட், அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வெயர் ஆகியன இப்படி வந்தவை.

சிக்கல் கணக்கில் இருந்தது. அரை அச்சின் நீளம் 60 சென்ரிமீற்றர் என்றால், சில்லு 5 சென்ரிமீற்றர் அசையும்போது அந்தச் சில்லு ஏறத்தாழ 4.8 பாகை சாயும். திட அச்சில் சாய்வதைப் போல இரு மடங்கு. வேகமாக வளையும்போது காரின் பின்பக்கம் மேலெழும்பினால், வெளிப்பக்கச் சில்லு காருக்கு அடியில் மடிந்து போகும். ரயர் தன் ஓரத்தில் நிற்கும். பின்பக்கம் திடீரென வழுக்கும். எஞ்சினும் பின்னாலேயே இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கோர்வெயர் 1960 மொடலாக விற்பனைக்கு வந்தது. அதன் எஞ்சின் பின்னால் இருந்தது. பின்பக்கம் வழுக்காதிருக்க உற்பத்தியாளர் சொன்ன வழி ரயர் காற்று: முன் ரயரில் 15 இறாத்தல், பின் ரயரில் 26 இறாத்தல். முன் ரயரை வேண்டுமென்றே மெதுவாக வைத்திருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், பின்பக்கம் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் முன்னும் பின்னும் ஒரே அளவு காற்று அடிப்பதே பலரின் பழக்கம். காற்றடிக்கும் இடத்தில் வேலை செய்யும் பொடியனுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

1964 மொடலில் பின்பக்கத்துக்குக் குறுக்குத் தகட்டு ஸ்பிரிங் ஒன்றும், முன்பக்கத்துக்குச் சாய்வைக் குறைக்கும் தடியும் சேர்க்கப்பட்டன. 1965 மொடலில் ஊசல் அச்சே நீக்கப்பட்டு, பின்பக்கம் புதிதாக வடிவமைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில்தான் சட்டத்தரணி ரால்ப் நேடர் எழுதிய, எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது என்ற பொருள்படும் தலைப்புக் கொண்ட நூல் வெளிவந்தது. முதல் அத்தியாயமே கோர்வெயர் பற்றியது. அடுத்த ஆண்டு, 1966இல், அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972இல் வெளியான அரசாங்க ஆய்வு, அதே காலத்து ஏனைய கார்களோடு ஒப்பிடும்போது பழைய கோர்வெயர் அசாதாரணமான ஆபத்துக் கொண்டதல்ல என்று முடிவு சொன்னது. அதற்குள், 1969இலேயே, அந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது.

யார் சரி, யார் பிழை என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. ஆனால் ஒரு பாடம் தெளிவானது. வடிவமைப்பாளர் மேசையில் மிச்சம் பிடித்த சில டொலர்களின் விலையை, காற்று அளவை அறியாத ஓட்டுநர் வளைவில் கட்ட வேண்டி வந்தது. எந்தச் சமரசத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதன் விலையைக் கடைசியில் யார் கட்டுகிறார்கள்?

சில்லுக்குச் சில்லு தனியாக

ஊசல் அச்சின் குறையைத் திருத்தும் முயற்சியில் வந்தவைதான் இன்றைய தனித்தனி சஸ்பென்சன்கள். ஒரு வழி, ஒவ்வொரு சில்லையும் முன்னாலிருந்து பின்னோக்கி நீளும் கையில் பொருத்துவது. நம் தெரு ஓட்டோவைப் பாருங்கள். பஜாஜ் ஓட்டோவின் பின் சில்லுகள் இரண்டும் தனித்தனிக் கைகளில்தான் தொங்குகின்றன. டாடா நனோ காரிலும் பின்பக்கம் தனித்தனிதான். கை சற்றுச் சரிவாக இருக்கும். ஆகவே தனித்தனி சஸ்பென்சன் என்றால் விலை உயர்ந்த கார் என்று நினைப்பது சரியல்ல.

சரிவான கை வகையை பி.எம்.டபிள்யூ. 1962இல் வெளிவந்த 1500 மொடலிலிருந்து நீண்டகாலம் பயன்படுத்தியது. ஜப்பானின் டட்சன் 510 காரின் கதை இன்னும் சுவையானது. அதன் செடானுக்குச் சரிவான கை கொண்ட தனித்தனி சஸ்பென்சன். அதே காரின் வகனுக்குத் தகட்டு ஸ்பிரிங்கில் திட அச்சு. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே காலம். ஆட்கள் போகும் காருக்கு ஒன்று, சாமான் ஏற்றும் காருக்கு வேறொன்று. எது சிறந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்டார்கள்.

சரிவான கையில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும்போது சில்லின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். நீண்டகாலம் பாரத்தோடு ஓடினால் ரயரின் உட்பக்கம் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் ரயர் புதிது போலவே இருக்கும். குனிந்து உட்பக்கத்தைத் தடவினால் கம்பி கையில் குத்தும்.

இதையும் திருத்தத்தான் பல தடிகள் கொண்ட ஏற்பாடு வந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் 1982இல் 190 மொடலில் ஒவ்வொரு பின் சில்லையும் ஐந்து தடிகளால் பிடித்தது. ஒவ்வொரு தடிக்கும் ஒரு வேலை. ஒன்று முன்பின் அசைவைப் பார்க்கும், இன்னொன்று சாய்வைப் பார்க்கும், வேறொன்று சில்லு திரும்பாமல் பார்க்கும். ஒரு குணத்தை மாற்ற மற்றதைக் கெடுக்க வேண்டியதில்லை. ஓட்டத்திலும் மென்மையிலும் இதற்கு நிகர் குறைவு.

விலை எங்கே? ஒவ்வொரு தடியின் இரு முனையிலும் புஷ் அல்லது மூட்டு உண்டு. ஐந்து தடி என்றால் ஒரு பக்கத்துக்குப் பத்து, இரு பக்கத்துக்கும் இருபது. மண்ணும் கிறவலும் பள்ளமும் நிறைந்த பாதையில் இந்த இருபதும் ஒரே நாளில் தேயாது, ஒவ்வொன்றாகத் தேயும். எது தேய்ந்தது என்று கண்டுபிடிக்கவே அனுபவம் வேண்டும். மாற்றிய பின் கணினியில் வீல் எலைன்மன்ட் பார்க்க வேண்டும். காரின் அடியில் இவை எடுக்கும் இடமும் அதிகம்.

நடுவழி: டி டியோன்

திட அச்சுக்கும் தனித்தனிக்கும் இடையே பழைய நடுவழி ஒன்று உண்டு. பிரான்ஸின் டி டியோன் பூட்டோன் நிறுவனத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. டிபரன்சலைக் காரின் உடலில் பூட்டி, சில்லுகளை மட்டும் ஒரு மெல்லிய குழாயால் இணைப்பார்கள். திட அச்சின் நிமிர்வும் கிடைக்கும், ஸ்பிரிங்குக்குக் கீழே பாரமும் குறையும். 1963இல் வந்த ரோவர் பி6, 1972இல் வந்த அல்பா ரோமியோ அல்பெட்டா இரண்டும் இதைப் பயன்படுத்தின. ஆனால் குழாயும் வேண்டும், மூட்டு வைத்த இரண்டு சாப்ட்டும் வேண்டும். இரண்டு ஏற்பாடுகளின் செலவும் ஒன்றாகச் சேர்வதால் இது பரவலாகவில்லை.

முறுங்கும் விட்டம்

இன்று நம் வீடுகளின் முன்னால் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சில்லு ஓட்டும் கார்கள். பின்பக்கம் வெறுமனே உருள்கிறது. அங்கே டிபரன்சல் இல்லை, சாப்ட் இல்லை. இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி வந்ததுதான் முறுங்கும் விட்டம், கராஜ்களில் டோர்ஷன் பீம் என்பார்கள். இரண்டு பக்கக் கைகளையும் குறுக்கே ஓர் இரும்பு விட்டம் இணைக்கும். விட்டம் வளையாது, ஆனால் முறுங்கும். ஒரு சில்லு மேலேறினால் விட்டம் முறுங்கி மற்றச் சில்லை ஓரளவு சும்மா இருக்க விடும். திட அச்சுமல்ல, முழுத் தனித்தனியுமல்ல.

பாகங்கள் மிகக் குறைவு. காரின் உடலோடு இணையும் முக்கிய புஷ்கள் இரண்டே. உயரம் குறைவு என்பதால் டிக்கி ஆழமாகவும் தரை தட்டையாகவும் இருக்கும். வொக்ஸ்வாகன் 1974இல் முதல் கோல்ப் காரில் இதைக் கொண்டுவந்தபின் உலகம் முழுவதும் பரவியது. வெசெலின் முன் சில்லு ஓட்டும் மொடல், அக்சியோ, இரண்டாம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், நிசான் லீவ் மின்கார் எல்லாம் இந்த வகையே.

குறைகளும் உண்டு. வளைவில் பக்க விசை வரும்போது முழு விட்டமும் புஷ்களில் சற்றுத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க புஷ்ஷைக் கடினமாக்கினால் பாதை இரைச்சல் உள்ளே வரும்; மெதுவாக்கினால் ஓட்டம் கெடும். ஒரே துண்டு என்பதால் கரைக்கல்லில் பலமாக மோதி விட்டம் கோணினால் பெரும்பாலான கார்களில் சரிசெய்யத் திருகாணி கிடையாது. முழு விட்டத்தையும் மாற்ற வேண்டும்.

கொரோலா போன வழி

புதிது எப்போதும் பழையதைவிட மேல் என்ற எண்ணத்துக்கு டொயோட்டா கொரோலாவின் வரலாறு நல்ல மறுமொழி.

1979இல் வந்த 70 வரிசை பின் சில்லு ஓட்டியது. செடானில் சுருள் ஸ்பிரிங்கும் நான்கு தடிகளும் கொண்ட திட அச்சு; டி.எக்ஸ். வகன் என்று நாம் அழைக்கும் வகனில் தகட்டு ஸ்பிரிங். 1983இல் வந்த 80 வரிசையில் செடான் முன் சில்லுக்கு மாறியது, பின்பக்கம் தனித்தனியானது. 2000ஆம் ஆண்டில் வந்த 120 வரிசை, நாம் 121 என்று சொல்லும் கார், தனித்தனியை விட்டு முறுங்கும் விட்டத்துக்குப் போனது. 2018இல் வந்த 210 வரிசை மீண்டும் பல தடிகள் கொண்ட தனித்தனிக்கு வந்தது.

ஏனைய நிறுவனங்களும் இப்படித்தான் போய் வந்தன. போர்ட் 1998இல் போக்கஸ் காரில் பல தடி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வொக்ஸ்வாகன் 2003இல் ஐந்தாம் கோல்ப் காரில் அதையே செய்தது. 2012இல் ஏழாம் கோல்ப் வந்தபோது சக்தி குறைந்த மொடல்களுக்கு மீண்டும் முறுங்கும் விட்டம், சக்தி கூடியவற்றுக்குப் பல தடி என்று பிரித்தது. மஸ்டா 3 காரில் 2003 முதல் பல தடி இருந்தது. 2019 மொடலில் முறுங்கும் விட்டம் வந்தது. பின்னோக்கிப் போனார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. விலை, இடம், பாரம், ஓட்டம் என்ற தராசுத் தட்டுகளில் ஒவ்வொரு முறையும் வேறு தட்டுத் தாழ்ந்தது.

நமக்கு எது பொருந்தும்?

பொறியியலாளர்களுக்கே ஒரே விடை இல்லாதபோது, நாம் கேட்க வேண்டியது நம்முடைய தேவைகளைப் பற்றித்தான்.

பாரம் ஏற்றி உழைப்பவர்களுக்கு, மரக்கறி, மீன்பெட்டி, சீமெந்து ஏற்றுபவர்களுக்கு, தகட்டு ஸ்பிரிங் வைத்த திட அச்சு இன்றும் பாதுகாப்பான தெரிவு. ஆனால் பலர் செய்யும் ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பாரம் ஏற்றுவதற்காக மேலதிகத் தகடு சேர்ப்பார்கள். தகடு பலமாகும், அச்சும் பெயாரிங்கும் ரயரும் பிரேக்கும் பலமாகா. பல பிக்கப்புகளில் பின் அச்சோடு ஒரு தடியால் இணைக்கப்பட்ட வால்வு, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் பலத்தைத் தீர்மானிக்கிறது. தகடு சேர்த்து வாகனம் தாழாமல் போனால், பாரம் இல்லை என்று அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். முழுப் பாரத்தோடு பிரேக் பிடிக்கும்போது பின் பிரேக் குறைவாகவே வேலை செய்யும். தகடு சேர்த்தால் இந்த வால்வையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உடைந்த தகட்டை வெல்டிங் செய்து ஓடுவது அதைவிட ஆபத்து. சூடு உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும், ஒட்டிய இடத்தின் பக்கத்திலேயே அது மீண்டும் உடையும்.

முதுகெலும்பில் காயப்பட்டவர், கால் இழந்தவர், உடலில் இன்னும் குண்டுச் சிதறல் இருப்பவர் என்று, ஒரு சிறு அதிர்வுகூட வலியாகும் மனிதர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மாதாந்தம் கிளினிக்குக்கு அவர்களைக் கொண்டுபோக வாகனம் பார்க்கிறவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம். வெறுமையாக ஓடும் திட அச்சு வானின் கடைசிச் சீற்றே அடி அதிகம் விழும் இடம். சில்லுக்கு நேர் மேலேயும் பின்னாலேயும் இருப்பவரைவிட, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் இருப்பவருக்கு அடி குறைவு. அடுத்தது தரையின் உயரம். பின் அச்சில் டிபரன்சல் உள்ள வானில் தரையை அதற்கு மேலேதான் அமைக்க முடியும். சக்கர நாற்காலியை ஏற்ற உயர்த்தி தேவைப்படும் அல்லது நாலு பேர் தூக்க வேண்டும். முன் சில்லு ஓட்டும், முறுங்கும் விட்டம் வைத்த காரில் தரையைத் தாழ்வாக அமைக்கலாம். ஜப்பானில் டொயோட்டா சியன்டா போன்ற கார்களைப் பின்பக்கத்தால் சாய்தளம் போட்டு நாற்காலியோடு ஏறும் வகையில் செய்வதற்கு இந்தத் தாழ்வு உதவுகிறது. பின் அச்சின் வகை, ஒரு மனிதர் பிறர் தூக்காமல் தானே காருக்குள் போக முடியுமா என்பதையும் தீர்மானிக்கிறது.

மூன்றாவது பழுது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பொருளாதார நெருக்கடி. அந்தக் காலத்தில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். வாங்கும் கார் உங்கள் ஊர் கராஜில் திருத்தக்கூடியதா, இல்லை கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டியதா என்று வாங்குவதற்கு முன் அந்த கராஜ்காரரையே கேட்டுவிடுவது நல்லது.

வாங்கமுன் குனிந்து பாருங்கள்

திட அச்சு வாகனமானால்: சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தகடு தொய்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். அச்சைத் தகட்டோடு கட்டும் யூ போல்டுகளின் பக்கத்தில் புதிய துரு, நகர்ந்த அடையாளம் உண்டா? சில்லின் உட்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அது பிரேக்கிலும் பட்டிருக்கும். ஓடும்போது பின்னால் ஊளையிடும் சத்தம் வந்தால் டிபரன்சல் செலவு காத்திருக்கிறது.

முறுங்கும் விட்டமானால்: எலைன்மன்ட் அறிக்கை கேளுங்கள். முன்பக்க எண்களை மட்டுமல்ல, பின்பக்க எண்களையும் பாருங்கள். இரு பின் சில்லுகளின் திசையும் குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே இருந்தால் விட்டம் ஒருமுறை அடிபட்டிருக்கலாம். விட்டத்தில் வெல்டிங் அடையாளம் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். முறுங்குவதற்கென்றே செய்த இரும்பில் ஒட்டு நீண்டகாலம் நிற்காது.

பல தடி அல்லது சரிவான கையானால்: பின் ரயர்களின் உட்பக்க ஓரத்தைக் கையால் தடவுங்கள். பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கும்போது டொக் டொக் சத்தம் வருகிறதா? புஷ் மாற்றுவதாயின், போல்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது கார் தன் சில்லுகளில் தன் பாரத்தோடு நிற்க வேண்டும். ஜக்கில் தூக்கிச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுங்கியபடியே இருக்கும். புதிய புஷ் சில மாதங்களில் கிழியும். பல கராஜ்களில் அவசரத்தில் விடும் பிழை இது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சனம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது பெரும்பாலானோர் நடந்தார்கள், சைக்கிள் உருட்டினார்கள். வாகனம் இருந்தவர்கள் அதில் ஏற்றக்கூடியதையும் ஏற்றக்கூடாததையும் ஏற்றினார்கள். எந்தப் பொறியியலாளரின் கணக்கிலும் இல்லாத பாரம் அது. அப்படியொரு நாள் இனி வரக்கூடாது. ஆனால் வாகனம் என்பது வெறும் சொகுசு அல்ல, நெருக்கடியில் கைவிடாத ஒன்றாகவும் இருக்க வேண்டும் என்று அந்த நாட்களைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மென்மையாக ஓடும் கார் வேண்டுமா, பாரம் தாங்குவது வேண்டுமா, சந்தி கராஜில் திருத்தக்கூடியது வேண்டுமா என்ற மூன்றில், உங்கள் வீட்டுக்கு முதலாவது எது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். விற்பவர் சொல்ல மாட்டார். அதை முடிவுசெய்த பின் காரின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.